ரிமோட் நம் கையில். ஒளியைக் குறைப்பது எது?

தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க ஒரு பொத்தான். மின்விசிறியின் வேகத்தை மாற்ற ஒரு பொத்தான். குளிரூட்டியின் வெப்பநிலையைக் கூட்ட ஒரு பொத்தான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இவ்வளவும் செய்துவிடுகிறோம். ஆனால், தலைக்கு மேல் எரியும் விளக்குக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் இன்னமும் இரண்டே நிலைகள்தாம். ஒன்று, எரியும், இல்லாவிட்டால், அணைந்திருக்கும்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் ‘டிம்மர்’ கருவிகள் இப்போது ரிமோட்டுடன் வருகின்றன. இணையக் கடைகளிலும் அக்கம்பக்க மின்பொருள் கடைகளிலும் எளிதில் கிடைக்கின்றன. வாங்கிப் பொருத்தியவர்களில் சிலர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வேறு சிலர் வீட்டிலோ விளக்கு துடிக்கிறது, ரீங்காரமிடுகிறது, அணைத்த பிறகும் மினுக்குகிறது. ஏன் இந்த வேறுபாடு?

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல் படிக்கிறேன். இந்தக் கேள்வியை என் முன் வைத்தது எங்கள் வீட்டின் ஓர் அறை.

ஓர் அறை, இரண்டு தேவைகள்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்களுடையது மூவறை வீவக வீடு, அதற்கு வழியில்லை. ஓர் அறை அப்பா, அம்மாவுக்கு. மற்றோர் அறை பாட்டிக்கும் தம்பிக்கும். வரவேற்பறை எனக்கு.

தம்பி இவ்வாண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். நள்ளிரவுவரை படிப்பான். 78 வதான பாட்டி ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். மேற்கூரை விளக்கு முழுதாக எரிந்தால் பாட்டிக்குத் தூக்கம் வராது. அதை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் போட்டால், புத்தகத்தில் வெளிச்சமும் சுற்றிலும் இருட்டுமாக இருந்து கண் வலிக்கிறது என்பான் தம்பி.

அதைவிடப் பெரிய கவலை பின்னிரவில். பாட்டி கழிவறைக்குச் செல்ல இரண்டு முறையாவது எழுவார். பேரன் விழித்துக்கொள்வான் என்று விளக்கைப் போடமாட்டார். சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். சென்ற ஆண்டு அப்படி நடந்தபோது கட்டில் காலில் இடறி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை; முழங்கால் வீக்கத்தோடு போயிற்று. ஏன் விளக்கைப் போடவில்லை என்று அம்மா கேட்டபோது, “பிள்ளை தூங்குறான், எதுக்கு லைட்டு?” என்றார்.

அதன்பின் அப்பா இணையத்தில் ஒரு ரிமோட் டிம்மர் வாங்கினார். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து அதைச் சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தினார். முதல் இரவே மூன்று தொல்லைகள் தெரிந்தன. ஒளியைப் பாதிக்குக் கீழே குறைத்தால் விளக்கு துடித்தது. மெல்லிய ரீங்காரம் கேட்டது. அணைத்த பிறகும் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘பளிச்’சென்று மின்னியது. “லைட்டு கண்ணடிக்குது பாரு” என்றார் பாட்டி.

கருவியில் பழுதில்லை. பல்புகளிலும் பழுதில்லை. கம்பி இணைப்பும் சரியாகவே இருந்தது. சிக்கல், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, டிம்மர் எந்தக் காலத்து விளக்குக்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

டங்ஸ்டன் இழைக்காகப் பிறந்த கருவி

முற்காலத்தில் அரங்குகளில் விளக்கை மங்கலாக்கப் பெரிய மின்தடைகளைப் பயன்படுத்தினார்கள். விளக்குக்குப் போகாத ஆற்றல் அந்தத் தடைகளில் வெப்பமாக வீணாகும். அதைச் சுவருக்குள் வைக்க முடியாது. 1959ல் அமெரிக்கரான ஜோயல் ஸ்பைரா, குறைகடத்திச் சாதனத்தைக் கொண்டு ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை உருவாக்கினார். 1961ல் அவர் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்தக் கருவியின் தந்திரம் எளிமையானது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். அலை ஒரு விநாடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வருகிறது. அதாவது 100 அரை அலைகள். ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடி. ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை டிம்மர் வெட்டிவிடுகிறது. 10 மில்லி விநாடியில் முதல் 5 மில்லி விநாடிக்கு மின்சாரத்தை நிறுத்திவைத்து, எஞ்சிய 5க்கு மட்டும் விட்டால் விளக்குக்குப் பாதி ஆற்றலே போகும். இப்படி வெட்டும் வேலையைச் செய்யும் சாதனத்தின் பெயர் டிரயாக்.

விநாடிக்கு 100 முறை வெட்டினாலும் பழைய பல்பு துடிக்காமல் எரிந்தது. அதன் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். சில மில்லி விநாடிக்கு மின்சாரம் நின்றால் அது குளிர்ந்துவிடாது. அடுப்பை அணைத்த பிறகும் சற்று நேரம் சூடாக இருக்கும் தோசைக்கல்லைப் போல, இழையின் வெப்பம் இடைவெளிகளை நிரப்பிவிடும்.

எல்இடிக்குள் இருக்கும் இடையாள்

எல்இடியில் சூடாகும் இழை இல்லை. 1962ல் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்இடியைச் செய்துகாட்டினார். வெள்ளை ஒளிக்கு நீல எல்இடி வேண்டியிருந்தது. அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்றைய வீட்டு விளக்கில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சு இருக்கிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

எல்இடி நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குவது. அதனால் ஒவ்வோர் எல்இடி பல்பின் அடிப்பகுதியிலும் ‘டிரைவர்’ எனப்படும் சிறு மின்சுற்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இடையாள் அது.

நல்ல டிரைவரின் குணம், மின்னழுத்தம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை மாறாமல் காப்பது. இங்கேதான் மோதல் தொடங்குகிறது. டிம்மர் அலையை வெட்டி, ‘ஒளியைக் குறை’ என்கிறது. டிரைவரோ, ‘மின்சாரம் தடுமாறுகிறது, நான் சரிசெய்ய வேண்டும்’ என்று ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் ஈடுகட்ட முடியாமல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கிறது. நாம் பார்க்கும் துடிப்பு அதுதான். கூரான முனையோடு வெட்டப்பட்ட அலை டிரைவருக்குள் இருக்கும் சுருள்களையும் மின்தேக்கிகளையும் மெல்ல அதிரவைக்கிறது. ரீங்காரம் அதிலிருந்து வருகிறது.

‘டிம்மபிள்’ என்று பெட்டியில் அச்சிடப்பட்ட பல்புகளில், அலை எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அளந்து அதற்கேற்ப ஒளியைக் குறைக்கத் தெரிந்த டிரைவர் இருக்கும். எங்கள் பல்புகளில் அந்தச் சொல் இல்லை.

அந்தச் சொல் இருந்திருந்தாலும் இன்னொரு தடை காத்திருந்தது. அப்பா வாங்கிய டிம்மரின் பின்புறம் ‘40 முதல் 300 வாட்’ என்று எழுதியிருந்தது. 300 என்பது உச்சவரம்பு, எல்லாருக்கும் புரியும். 40 எதற்கு? டிரயாக் ஒருமுறை திறந்தபின் திறந்தே இருக்க, அதன் வழியாக ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 60 வாட் இழை பல்பு ஒன்று, 60ஐ 230ஆல் வகுத்தால், ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்இடி இழுப்பது 40 மில்லி ஆம்பியர் அளவுதான். எங்கள் விளக்கில் மூன்று 9 வாட் பல்புகள். மொத்தம் 27 வாட். 40ஐ எட்டவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்இடியின் நல்ல குணமே இங்கே தடையாகிவிடுகிறது.

அணைத்த பிறகும் ஏன் மின்னியது?

பாட்டி சொன்ன ‘கண்ணடிப்பு’க்கு ரிமோட்தான் காரணம்.

ரிமோட் அழுத்துவதைக் கேட்க, சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் கருவி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க மின்சாரம் வேண்டும். லைவ், நியூட்ரல் என்ற இரு கம்பிகளும் இருந்தால் கருவி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால், இங்குப் பல வீவக வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி இருப்பதில்லை. அது நேராக விளக்குக்குப் போய்விடுகிறது. எனவே இருகம்பிக் கருவி, விளக்கின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிட்டு உயிர்வாழ்கிறது.

இழை பல்புக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. எல்இடி டிரைவருக்குள்ளோ ஒரு மின்தேக்கி இருக்கிறது. சரியாக மூடாத குழாயின் கீழ் வைத்த குவளைபோல அது சொட்டுச் சொட்டாக நிரம்புகிறது. நிரம்பியதும் டிரைவர் விழித்து ஒருமுறை பளிச்சிடுகிறது. குவளை காலியாகிறது. மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. கசிவுக்கு மாற்றுப் பாதை தரும் ஒரு சிறு துணைக்கருவியை விளக்கருகே மின்பணியாளர் இணைத்தால் இந்த மின்னல் நிற்கும். எங்கள் வீட்டிலும் நின்றது. மற்ற இரு தொல்லைகள் நிற்கவில்லை.

மூன்று வழிகள்

எல்இடியை ரிமோட்டில் மங்கலாக்க மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ஒளியைக் குறைக்கும் வேலை எந்த இடத்தில் நடக்கிறது?

முதல் வழியில் அது சுவரில் நடக்கிறது. ரிமோட் டிம்மர் சுவிட்ச் பெட்டிக்குள் இருந்து அலையை வெட்டும். பல்பு ‘டிம்மபிள்’ ஆக இருக்க வேண்டும். மொத்த வாட், டிம்மரின் கீழ்வரம்பைத் தாண்ட வேண்டும். அலையின் முன்பகுதியை வெட்டும் ‘லீடிங் எட்ஜ்’ வகையைவிடப் பின்பகுதியை வெட்டும் ‘டிரெய்லிங் எட்ஜ்’ வகை பொதுவாக எல்இடியோடு நன்கு ஒத்துப்போகும், ரீங்காரமும் குறையும்.

இரண்டாவது வழியில் அது விளக்குக்குள்ளேயே நடக்கிறது. விளக்கின் டிரைவரோடு சேர்ந்தே ரிமோட் வாங்கி வரும். சுவரிலிருந்து முழு அலையும் வெட்டுப்படாமல் வருகிறது. கைப்பேசிச் செயலியால் இயங்கும் ‘ஸ்மார்ட்’ பல்புகளும் இந்த வகைதான். இவற்றைச் சுவர் டிம்மர் இருக்கும் இணைப்பில் போடக்கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒளியைக் குறைக்கப் பார்த்தால் பழைய மோதல் திரும்பிவிடும்.

மூன்றாவது வழி எல்இடி பட்டைகளுக்கானது. 12 அல்லது 24 வோல்ட் நேர்திசை மின்சாரம் தரும் பெட்டிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். ஒளியைக் குறைப்பது அதுதான். பட்டை எத்தனை வோல்ட்டோ, கருவியும் அத்தனை வோல்ட்டாக இருக்க வேண்டும்.

ரிமோட்டிலும் இரண்டு வகை உண்டு. அகச்சிவப்பு ரிமோட், தொலைக்காட்சி ரிமோட்டைப் போலக் கருவியை நோக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும். அதன் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலும் திரையில் மினுங்கும். 433 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கும் ரிமோட்டை எந்தப் பக்கமும் பிடிக்கலாம். இருட்டில், போர்வைக்குள்ளிருந்து அழுத்தும் ஒரு பாட்டிக்கு இந்த வேறுபாடு பெரிது.

பாதி ஒளி, பாதியாகத் தெரியாது

ஒளியை 50 விழுக்காட்டுக்குக் குறைத்தும் அறை அப்படியொன்றும் மங்கலாகத் தெரியவில்லையே என்று தம்பி கேட்டான். கண் ஒரு நேர்க்கோட்டு அளவி இல்லை. ஒளித்துறையில் ஒரு தோராயமான கணக்கு உண்டு. அளவி காட்டும் பின்னத்தின் வர்க்கமூலமே கண் உணரும் பின்னம். அளவியில் 25 விழுக்காடு என்றால் கண்ணுக்கு அது 50 விழுக்காடு. அளவியில் 10 என்றால் கண்ணுக்கு 32. அளவியில் 1 என்றால் கண்ணுக்கு 10.

ஆகவே, ‘10 விழுக்காடுவரை குறைக்கலாம்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால், உறங்கும் அறைக்கு அது போதாது. கண்ணுக்கு அது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம். 1 விழுக்காடுவரை சீராக இறங்கும் கருவியே இரவுக்கு ஏற்றது.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு

விளக்குக்குள்ளும் பட்டையிலும் ஒளியைக் குறைக்கப் பலவேளைகளில் ‘துடிப்பு அகல’ முறை, சுருக்கமாகப் பிடபிள்யூஎம், பயன்படுகிறது. எல்இடியை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவார்கள். எரியும் நேரம் குறைந்தால் ஒளி குறைந்ததுபோல் தெரியும்.

எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. மெதுவான துடிப்பு சிலருக்குத் தலைவலியும் கண் அயர்ச்சியும் தரலாம். துடிப்பதாகக் கண் உணராவிட்டாலும் மூளை அதை உணரலாம். மின், மின்னணுப் பொறியாளர் கழகமான ஐஇஇஇ, 2015ல் 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரையை வெளியிட்டது. அதன்படி, 90 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்பின் ஆபத்து குறைவாக இருக்க, ஒளியின் ஏற்ற இறக்க விழுக்காடு அதிர்வெண்ணின் 0.08 மடங்குக்குள் அடங்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் அது 8 விழுக்காடு மட்டுமே. முழுதாக எரிந்து முழுதாக அணையும் பிடபிள்யூஎம் விளக்குக்கு ஏற்ற இறக்கம் 100 விழுக்காடு. அப்படியென்றால் குறைந்தது 1,250 ஹெர்ட்ஸ் வேகம் வேண்டும் என்பது கணக்கிலேயே வந்துவிடுகிறது.

ஆய்வுக்கூடம் இல்லாமலும் சோதிக்கலாம். விளக்கை மங்கலாக்கிவிட்டு, அதன் ஒளியில் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக அசைத்துப் பாருங்கள். பென்சில் வழுக்கிச் செல்லும் மங்கலான நிழலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. கைப்பேசியின் ‘ஸ்லோ மோஷன்’ காணொளியும் துடிப்பைக் கறுப்புப் பட்டைகளாகக் காட்டிக்கொடுக்கும்.

இரவில் எவ்வளவு ஒளி?

கண்ணில் பார்வைக்கான செல்களோடு, உடற்கடிகாரத்துக்குப் பகல், இரவு செய்தி சொல்லும் செல்களும் உண்டு. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி அவற்றை அதிகம் தூண்டும். அந்தத் தூண்டலை அளக்கும் ‘மெலனோபிக் லக்ஸ்’ என்ற அளவை வைத்து, 2022ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பரிந்துரை ஒன்றை வெளியிட்டார்கள். கண்ணருகே அளந்தால் பகலில் குறைந்தது 250. படுக்குமுன் 3 மணி நேரத்துக்கு 10க்கு மேல் வேண்டாம். உறங்கும்போது 1க்கு மேல் வேண்டாம்.

முதியோருக்கு இன்னொரு சிக்கல். கண்ணின் பாப்பா சுருங்கி, வில்லை மஞ்சளாவதால், 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேர்கிறது. அதற்காக இரவு இரண்டு மணிக்கு முழு விளக்கைப் போடுவதும் தீர்வாகாது. இருட்டுக்குப் பழகிய கண், முழு வெளிச்சத்தைப் பார்த்தபின் மறுபடி இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பும் அந்த ஐந்தாறு அடியில் பாட்டிக்குப் பார்வை அறவே இருக்காது. வேண்டியது, தரை தெரியும் அளவுக்குத் தாழ்ந்த, மஞ்சள் நிற ஒளி.

இழை பல்பு மங்கும்போது தானாகவே செம்மஞ்சளாகும். சாதாரண வெள்ளை எல்இடி, மங்கினாலும் நிறம் மாறாது. நிறத்தையும் மாற்றக்கூடிய விளக்கைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பணம் மிச்சமாகுமா?

கொஞ்சம்தான். 9 வாட் பல்பு ஒன்றை நாளுக்கு 5 மணி நேரம் பாதி ஆற்றலில் எரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.2 அலகு மிச்சம். ஓர் அலகு 30 காசு என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 வெள்ளி 46 காசு. ரிமோட்டுக்காக விழித்திருக்கும் கருவி அரை வாட் எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால், ஆண்டு முழுதும் அதுவே 4.4 அலகு. மிச்சத்தில் பாதிக்குமேல் போய்விடும். இழை பல்பிலிருந்து எல்இடிக்கு மாறியதில்தான் உண்மையான சிக்கனம் இருந்தது. டிம்மரை வாங்குவதற்கான காரணம் தூக்கமும் கண்ணும் பாதுகாப்பும்தான்.

எங்கள் அறையில் இப்போது

சுவர் டிம்மரை மின்பணியாளர் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சைப் போட்டார். மூன்று பல்புகளுக்குப் பதிலாக, டிரைவருக்குள்ளேயே மங்கலாகும், நிறமும் மாறும் மேற்கூரை விளக்கு ஒன்று வந்தது. ரிமோட் வானொலி அலை வகை. ஒன்பதரைக்குமேல் விளக்கு மஞ்சள் நிறத்தில் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கும். சுற்றிலும் அந்த மெல்லிய ஒளி இருப்பதால் தம்பியின் மேசை விளக்கு இப்போது அவன் கண்ணை உறுத்துவதில்லை.

புதிய பழக்கம் ஒன்றை வீடே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ரிமோட்டால் பயனில்லை. சிக்கனத்துக்குப் பெயர்போன அம்மா ஒவ்வொரு காலையும் அதை அணைத்துவிடுவார். சுவிட்சின் மேல் தம்பி ஒரு தாளை ஒட்டினான்: ‘இது எப்போதும் எரியட்டும்’. ரிமோட்டின் பத்துப் பொத்தான்களில் பாட்டிக்கு வேண்டிய இரண்டின்மேல் இருட்டில் ஒளிரும் ஒட்டுப்பட்டையை ஒட்டினேன். அது கட்டில் கம்பியில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. இப்போது பாட்டி எழும்போது முதலில் பொத்தானை அழுத்துகிறார். பிறகுதான் காலைத் தரையில் வைக்கிறார். தம்பி விழிப்பதில்லை.

வாங்குமுன் பாருங்கள்

* பல்பின் பெட்டியில் ‘டிம்மபிள்’ என்ற சொல் இருக்கிறதா? இல்லாவிட்டால் சுவர் டிம்மர் வேண்டாம்.

* உங்கள் பல்புகளின் மொத்த வாட்டைக் கூட்டுங்கள். அது டிம்மரின் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவே இருக்க வேண்டும்.

* சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்பதை மின்பணியாளரிடம் கேளுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

* எத்தனை விழுக்காடுவரை ஒளி இறங்கும், நிறம் மாறுமா, மின்சாரம் போய் வந்தால் பழைய நிலையை நினைவில் வைக்குமா என்று கேளுங்கள்.

* கடையிலேயே விளக்கை மங்கலாக்கச் சொல்லிப் பென்சில் சோதனையைச் செய்யுங்கள்.

* சுவருக்குள்ளும் கூரையிலும் உள்ள நிலையான மின்கம்பி வேலையைச் சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்யலாம். 230 வோல்ட் காணொளி பார்த்துப் பழகும் இடம் அல்ல. செருகியில் மாட்டும் மேசை விளக்கும் இரவு விளக்கும் இளையர்கள் தாராளமாகச் சோதித்துப் பார்க்க ஏற்றவை.

ஒரு வேளை உங்கள் வீட்டுக்கு டிம்மரே தேவைப்படாமல் போகலாம். செருகியில் மாட்டும் ஒரு சிறு மஞ்சள் இரவு விளக்கே பல வீடுகளுக்குப் போதும். எது வேண்டும் என்று முடிவெடுக்குமுன், உங்கள் தாத்தாவோ பாட்டியோ இரவில் எழுந்தால் விளக்கைப் போடுகிறார்களா என்று கேளுங்கள். போடுவதில்லை என்றால், ஏன் என்றும் கேளுங்கள். எந்த விளக்கு, எந்த ரிமோட் என்பதை அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யலாம்.